நிலம்பையில் திரும்பிய வால்

இந்தக் கட்டுரையை நாங்கள் முதலில் வேறு மாதிரித்தான் எழுதி வைத்திருந்தோம். தலைப்பு கூட ‘நொக்ஸ் விட்ட கதை’ என்றுதான் இருந்தது. பதிவேற்ற இரண்டு நாள் இருக்கும்போது எங்களில் ஒருத்தி கணக்கைத் திரும்பப் போட்டுப் பார்த்தாள். கூட்ட வேண்டிய இடத்தில் கழித்திருந்தோம். அந்த ஒரு குறியால் முந்நூற்று அறுபது வருசத்துக்கு முந்தின மனுசன் ஒருவரைப் பொய்யர் ஆக்கப் பார்த்தோம். ஆகவே இது ஒரு திருத்தம். ஆனால் திருத்தத்தோடு நிறுத்த மனம் வரவில்லை, கதை அவ்வளவு நல்ல கதை.

கண்டியிலிருந்து கலஹா பஸ்ஸில் போனால் நிலம்பை வரும். இன்றைக்கு அந்தப் பெயரைச் சொன்னால் பலருக்குத் தியான நிலையம்தான் ஞாபகம் வரும், இல்லையென்றால் தேயிலை. 1664இல் அது இரண்டாம் இராஜசிங்கனின் அரண்மனை இருந்த ஊர். கண்டி நகரில் இருப்பதை விட்டு அரசன் அங்கே போயிருந்தான். அந்த வருசம் டிசம்பர் 21ஆம் திகதி இரவு, அம்பன்வெல ராள என்பவர் தலைமையில் கிளர்ச்சிக்காரர்கள் அரண்மனையைச் சூழ்ந்தார்கள். அரசன் தப்பி மலைக்கு ஏறிவிட்டான். கிளர்ச்சிக்காரர்கள் பன்னிரண்டு வயதளவான இளவரசனை அரியணையில் ஏற்றப் பார்த்தார்கள். பையனின் அத்தை, அதாவது அரசனின் சகோதரி, அவனைக் கூட்டிக்கொண்டு அரசனிடமே ஓடிப்போனாள். அதோடு சில நாளிலேயே எல்லாம் கலைந்து போனது.

இதையெல்லாம் நமக்குச் சொல்பவர் றொபேட் நொக்ஸ். 1660இல் தகப்பனோடு திருகோணமலைப் பக்கம் கொட்டியாரத்தில் பிடிபட்டு, கண்டி இராச்சியத்தில் பத்தொன்பது வருசத்துக்கு மேல் கைதியாக இருந்த ஆங்கிலேயக் கப்பற்காரர். கிளர்ச்சி நடந்தபோது மற்ற ஆங்கிலக் கைதிகளோடு அவரும் நிலம்பையில்தான் இருந்தார். சென்னையிலிருந்த ஆங்கிலேய ஆளுநரும் ஒல்லாந்தரும் கேட்டதற்கு இணங்கி, இவர்களை விடுதலை செய்வதற்காகவே அரசன் அங்கே கூப்பிட்டிருந்தான். கிளர்ச்சியால் அந்த விடுதலை போயிற்று. பிறகு 1679இல் நொக்ஸ் அநுராதபுரம் வழியாகக் காட்டுக்குள் நடந்து, மன்னார்ப் பக்கம் அரிப்புக் கோட்டையில் போய் ஒல்லாந்தரிடம் சேர்ந்தார். 1681இல் லண்டனில் புத்தகம் வந்தது. பதினேழாம் நூற்றாண்டுக் கண்டியைப் பற்றி நம்முடைய பாடப்புத்தகத்தில் வாசிப்பதில் பாதி அந்த ஒரு புத்தகத்திலிருந்து வருவதுதான். அதனால் அவர் எவ்வளவு தூரம் நம்பத்தக்கவர் என்ற கேள்வி சின்னக் கேள்வி இல்லை.

அந்தக் கிளர்ச்சி அத்தியாயத்தில் நொக்ஸ் ஒரு வால்வெள்ளியைப் பற்றிச் சொல்கிறார். கிளர்ச்சி வெடித்த நேரத்தில் அது தலைக்கு மேலே நின்றது. அதற்கு முன்னர் வால் மேற்குப் பக்கம் நீண்டிருந்தது, கிளர்ச்சி புறப்பட்டதும் மேற்கிலிருந்துதான். அடுத்த இரவே பார்த்தால் வால் திரும்பிக் கிழக்குப் பக்கம் நீண்டு நின்றது. பிறகு கொஞ்சம் கொஞ்சமாக மங்கி மறைந்தது. தானே கவனமாகப் பார்த்ததாக நொக்ஸ் அழுத்திச் சொல்கிறார்.

வாசிக்கும்போதே சந்தேகம் வரும் இல்லையா? கிளர்ச்சிக்காரன் தோற்கிற நேரத்தில் நட்சத்திரமும் கட்சி மாறுதாம். கூத்தில் வரும் காட்சி மாதிரி இருக்கிறது. நாங்களும் அப்படித்தான் நினைத்தோம். சும்மா நினைத்தோம் என்றால் பரவாயில்லை, கணக்குப் போட்டு ‘நிரூபித்தோம்’. அங்கேதான் கோளாறு.

கோளாறு எங்கிருந்து வந்தது என்று சொல்ல வேண்டும். அதற்குக் கொஞ்சநாள் முந்தி எங்கள் சனிக்கிழமைக் கூடலில், ஏ.எல். படிக்கும் தம்பி ஒருவர் ஒரு கேள்வியோடு வந்தார். ஐரோப்பிய விண்வெளி முகவர் நிலையத்தின் றொசெற்றா விண்கலம் 2014 மே 7ஆம் திகதி 67பி என்ற வால்வெள்ளியிலிருந்து ஏறக்குறைய 20 லட்சம் கிலோமீற்றர் தள்ளி இருந்தது. அப்போது வால்வெள்ளி சார்பாக அதன் கதி செக்கனுக்கு 775 மீற்றர். ஓகஸ்ட் 6ஆம் திகதி 100 கிலோமீற்றர் தூரத்துக்கு வந்து சேர்ந்தபோது அது செக்கனுக்கு 1 மீற்றரளவுதான், நாம் நடப்பதை விடவும் மெதுவானது. அப்படியானால் நெருங்கிய சராசரிக் கதி என்ன?

கூடலில் பாதிப் பேர் உடனே 775ஐயும் 1ஐயும் கூட்டி இரண்டால் வகுத்து 388 என்றார்கள். பிழை. அந்தச் சூத்திரம் கதி ஒரே சீராகக் குறையும்போது மட்டும்தான் சரிவரும். சராசரிக் கதி என்றால் போன தூரத்தை எடுத்த நேரத்தால் வகுப்பது, அவ்வளவுதான். மே 7 முதல் ஓகஸ்ட் 6 வரை 91 நாள், அதாவது 78 லட்சத்து 62 ஆயிரம் செக்கன். 20 லட்சம் கிலோமீற்றரை அதால் வகுத்தால் செக்கனுக்கு ஏறக்குறைய 250 மீற்றர். ஏன் 388ஐ விட இவ்வளவு குறைவு? பிரேக்கை ஆரம்பத்திலேயே பலமாகப் பிடித்துவிட்டார்கள். மே 21, ஜூன் 4 ஆகிய இரண்டு நாள் எரிப்பிலும் சேர்த்தே செக்கனுக்கு 560 மீற்றரளவு குறைக்கப்பட்டுவிட்டது. மிச்ச இரண்டு மாதமும் கலம் ஊர்ந்துதான் போனது. கடுகண்ணாவ ஏற்றத்தில் லொறிக்குப் பின்னால் மாட்டிய பஸ்ஸை நினைத்துப் பாருங்கள். கொழும்பிலிருந்து வேகமாக வந்த நேரம் கொஞ்சம், ஏற்றத்தில் போகும் நேரம் கூட. சராசரி ஏற்றத்தின் பக்கம்தான் சாயும்.

அந்தக் கணக்கில் எங்களுக்குப் பிடித்த விசயம் வேறு. வால்வெள்ளியும் விண்கலமும் சூரியனைச் சுற்றி செக்கனுக்கு 15 கிலோமீற்றரளவில் பறந்துகொண்டிருந்தன. இரண்டும் ஒரே திசை. ஒன்றிலிருந்து ஒன்றைக் கழித்தால் மிச்சம் நடைவேகம். பக்கத்துப் பக்கத்துத் தண்டவாளத்தில் ஒரே பக்கம் போகும் இரண்டு ரயில். சார்பு வேகம் என்றால் கழிக்கிறது என்று எல்லாருடைய மண்டையிலும் பதிந்துவிட்டது.

அந்த மண்டையோடுதான் 1664க்குப் போனோம்.

அந்த வால்வெள்ளியின் பாதை நன்றாகத் தெரிந்த ஒன்று. ஐரோப்பாவில் ஹெவெலியஸ் முதல் கேம்பிரிட்ஜில் மாணவனாக இருந்த ஐசாக் நியூட்டன் வரை அதைப் பார்த்துக் குறித்து வைத்தார்கள். பிற்காலத்தில் எட்மண்ட் ஹாலி 1705இல் பாதை கணித்து வெளியிட்ட 24 வால்வெள்ளிகளில் இதுவும் ஒன்று. அது சூரியனுக்கு மிகக் கிட்ட வந்தது 1664 டிசம்பர் 4 அளவில், பூமிக்கு மிகக் கிட்ட வந்தது டிசம்பர் 29ஆம் திகதி. அப்போது பூமியிலிருந்து தூரம், சூரியனுக்கும் நமக்கும் உள்ள தூரத்தின் 0.17 பங்கு, ஏறக்குறைய இரண்டரைக் கோடி கிலோமீற்றர்.

கதியைக் கண்டுபிடிப்பது கஷ்டமில்லை. பூமி சூரியனைச் செக்கனுக்கு 30 கிலோமீற்றரில் சுற்றுகிறது. பரவளைவுப் பாதையில் வரும் வால்வெள்ளி அதே தூரத்தில் இதைப் போல √2 மடங்கு கதியில், 42 கிலோமீற்றரில் ஓடும். நம்முடையது சூரியனிலிருந்து கொஞ்சம் தள்ளி இருந்ததால் 40 என்று வைக்கலாம். 40இலிருந்து 30ஐக் கழி, 10. செக்கனுக்கு 10 கிலோமீற்றர் என்றால் நாளுக்கு 8 லட்சத்து 64 ஆயிரம் கிலோமீற்றர். இரண்டரைக் கோடி கிலோமீற்றர் தூரத்தில் அது வானத்தில் நாளுக்கு இரண்டு பாகைதான் நகரும். அப்படி ஊர்கிற ஒன்றின் வால் பக்கம் மாற வாரக்கணக்கில் வேண்டும். ஆகவே நொக்ஸ் கதை விடுகிறார். கட்டுரை முடிந்தது, தேநீர் குடிக்கலாம் என்று எழுந்துவிட்டோம்.

எங்கள் தோழிக்கு உறுத்தியது ஜியோற்றோ. றொசெற்றாவுக்கு 28 வருசம் முந்தி, 1986 மார்ச் 14ஆம் திகதி, நம்ம நேரத்துக்கு விடியக்காலை ஐந்தரை மணியளவில், ஹாலி வால்வெள்ளியை 596 கிலோமீற்றர் தூரத்தில் கடந்துபோன ஐரோப்பிய விண்கலம். அதன் சார்பு வேகம் செக்கனுக்கு 68.4 கிலோமீற்றர். கண்டியிலிருந்து கொழும்புக்கு இரண்டு செக்கன் கூட ஆகாது. அவள் கேட்டது: “ஹாலி அந்த இடத்துல 40, கலம் 30 அளவுலதான் போகும். கழிச்சா 68 எப்படி வரும்?”

வராது. கூட்டினால்தான் வரும். ஹாலி, கோள்கள் எல்லாம் சுற்றும் திசைக்கு எதிர்த்திசையில் சுற்றும் வால்வெள்ளி. பூமியிலிருந்து புறப்பட்ட விண்கலம் பூமி போகும் பக்கமே போகும். ஆக அது துரத்திப் பிடித்த சந்திப்பு இல்லை, நேருக்கு நேர் வந்த சந்திப்பு. ஒரே தண்டவாளத்தில் எதிரெதிரே வரும் ரயில்கள்.

1664 வால்வெள்ளியும் அப்படியே எதிர்த்திசைக்காரன்தான். பாதையின் சரிவைப் பட்டியலில் 159 பாகை என்று போட்டிருந்தார்கள். 90ஐத் தாண்டினால் எதிர்த்திசை என்று அர்த்தம். எழுதி வைத்துவிட்டுக் கவனிக்காமல் விட்டிருக்கிறோம். 40ஐயும் 30ஐயும் கூட்டினால் 70. இரண்டு பாதையும் 20 பாகையளவு சரிந்து வெட்டுவதையும், வால்வெள்ளி கொஞ்சம் வெளிப்பக்கமாக விலகிக்கொண்டிருந்ததையும் சேர்த்துப் பார்த்தால் 68க்கும் 69க்கும் இடையில் நிற்கிறது. ஜியோற்றோ ஹாலியைச் சந்தித்த அதே வேகம்! நிலம்பையில் நின்ற நொக்ஸை ஏற்றிக்கொண்டு பூமியே ஒரு ஜியோற்றோவாக அந்த வால்வெள்ளியைக் கடந்திருக்கிறது, தூரம் மட்டும்தான் அதிகம்.

அந்த வேகம் எவ்வளவு கொடூரமானது என்று ஜியோற்றோவைக் கேட்டால் தெரியும். 68.4 கிலோமீற்றர் வேகத்தில் மோதும் ஒரு கிராம் தூசி, மணிக்கு 246 கிலோமீற்றரில் வந்து மோதும் ஒரு தொன் வாகனத்துக்குச் சமன். அதற்காக முன்பக்கம் ஒரு மில்லிமீற்றர் அலுமினியத் தகடும், 25 சென்ரிமீற்றர் இடைவெளி விட்டுப் பின்னால் கெவ்லார் தடுப்பும் வைத்திருந்தார்கள். முதல் தகட்டில் பட்டதும் தூசி ஆவியாகிச் சிதறிவிடும் என்பது கணக்கு. அப்படியும் மிக நெருங்குவதற்குச் சில செக்கன்களுக்கு முன்னர் ஒரு தூசி பட்டு கலம் ஆட்டங்கண்டது. அரை மணித்தியாலமளவு தொடர்பு அறுந்து அறுந்து வந்தது. கமரா அதற்குப் பிறகு வேலை செய்யவில்லை.

இங்கே ‘சராசரி’ இன்னொரு தடவை எங்களை ஏமாற்றப் பார்த்தது. ஜியோற்றோ பிரேக் பிடிக்கவில்லை. ஹாலியின் ஈர்ப்பும் கணக்கில் எடுக்கத் தேவையில்லாத அளவு சின்னது. ஆகவே சார்பு வேகம் முழுநேரமும் 68.4தான், சராசரியும் அதுதான். ஆனால் இரண்டுக்கும் இடையிலான தூரம் குறையும் வீதம் அப்படியில்லை. கலம் நேரே மோதப் போகவில்லை, 596 கிலோமீற்றர் விலகிப் பக்கவாட்டில் கடக்கிறது. பைதகரஸ் போட்டால் போதும். ஒரு நிமிசம் முந்தி தூரம் 4147 கிலோமீற்றர், அது செக்கனுக்கு 67.7 வீதம் குறைகிறது. ஐந்து செக்கன் முந்தி 34 வீதம். மிகக் கிட்டிய அந்தக் கணத்தில் பூச்சியம். கடைசி நிமிசத்துக்குச் சராசரி எடுத்தால் 59 வருகிறது. தூசி மோதுவதோ எப்போதும் 68.4இல். நெருங்கும் சராசரிக் கதி, சராசரிச் சார்புக் கதி இரண்டையும் ஒன்றென்று எடுத்தால் தடுப்புத் தகட்டைத் தப்பாகத்தான் செய்வோம்.

நிலம்பைக்கும் இதேதான். 1664 டிசம்பர் கடைசியில் வால்வெள்ளி நம்மை நெருங்குவது நின்றுபோய், முழு வேகமும் பக்கவாட்டில் இருந்தது. செக்கனுக்கு 68 என்றால் நாளுக்கு 59 லட்சம் கிலோமீற்றரளவு. இரண்டரைக் கோடி தூரத்தில் அது வானத்தில் நாளுக்கு 13 பாகை. கையை நீட்டிப் பிடித்தால் முஷ்டி ஒன்று 10 பாகை. ஒவ்வோர் இரவும் முஷ்டிக்கு மேல் நகரும் வால்வெள்ளி!

இனி வால். வால்வெள்ளி போகும் திசைக்கும் வாலுக்கும் சம்பந்தமில்லை, வால் எப்போதும் சூரியனுக்கு எதிர்ப்பக்கம் நீளும். ஐரோப்பாவில் இதைத் தெளிவாகக் காட்டியவர் 1531 வால்வெள்ளியைக் கவனித்த பீட்டர் அப்பியன். அந்த 1531 வால்வெள்ளியும் ஹாலிதான் என்பது தற்செயல். டிசம்பர் நடுவில் நம்முடையது விடியக்காலை வானத்தில் இருந்தது. சூரியன் கிழக்கே உதிக்கக் காத்திருக்கும், ஆகவே வால் மேற்குப் பக்கம். அது வேகமாக மேற்கு நோக்கி நகர்ந்து டிசம்பர் கடைசி நாட்களில் சூரியனுக்கு நேரெதிர்த் திசையைத் தாண்டி, மாலை வானத்துக்கு வந்தது. சூரியன் மேற்கே மறைந்திருக்கும், வால் கிழக்குப் பக்கம். நொக்ஸ் சொன்னது அப்படியே.

திகதி? நொக்ஸ் எழுதிய டிசம்பர் 21 ஆங்கிலேயரின் பழைய கலண்டர். இங்கிலாந்து 1752 வரை அதை விடவில்லை. அந்த நூற்றாண்டில் வித்தியாசம் 10 நாள். புதிய கணக்கில் டிசம்பர் 31. வால்வெள்ளி பூமிக்கு மிகக் கிட்ட வந்து இரண்டு நாள். நடு இரவில் அது வானத்தின் உயரத்தில் நின்ற நேரம். லண்டனில் தொடுவானத்துக்குச் சற்று மேலேதான் கிடந்தது. கண்டி மத்தியகோட்டுக்குக் கிட்ட இருப்பதால் இங்கே நன்றாக மேலேறித் தெரியும்.

எல்லாம் அச்சுப்பிசகாமல் பொருந்துகிறது என்று சொல்லி முடித்தால் அதுவும் நேர்மையில்லை. எங்கள் கணக்கில் வால் ஒரே இரவில் மேற்கிலிருந்து கிழக்குக்குப் புரளாது. வால்வெள்ளி தென்பக்கம் விலகி இருந்ததால் வால் வடக்கு வழியாகச் சுற்றித்தான் வரும். அதற்குச் சில இரவுகள் வேண்டும். நொக்ஸ் அதை ஒரு இரவுக்குள் மடக்கிவிட்டார். மார்கழியில் இந்த மலைப்பக்கம் மழையும் முகிலும் எப்படி என்று இங்கே இருக்கிறவர்களுக்குச் சொல்லத் தேவையில்லை. இரண்டு மூன்று இரவு மூடிக்கிடந்து திறந்த வானத்தில் பார்த்தவருக்கு, அது ஒரே இரவில் திரும்பியது போலத்தான் இருந்திருக்கும் என்பது எங்கள் ஊகம். இல்லையென்றால் கதைக்கு அழகாக இருக்கிறது என்று அவரே கொஞ்சம் நெருக்கி வைத்திருக்கலாம். மனுசன்தானே.

இன்னொரு மறுப்பும் எங்களுக்குள் வந்தது. நொக்ஸின் புத்தகத்துக்கு முன்னுரை எழுதி, அதை வெளியே கொண்டுவர உதவியவர் றொபேட் ஹூக். இந்த வால்வெள்ளியை ஆராய்ந்தவர்களில் அவரும் ஒருவர். 1665 மார்ச் முதலாம் திகதி லண்டனில் அதைப் பற்றி அவர் பேசிய விரிவுரையைக் கேட்டதாகச் சாமுவேல் பீப்ஸ் நாட்குறிப்பில் எழுதியிருக்கிறார். 1618இல் வந்த அதே வால்வெள்ளிதான் இது என்று ஹூக் அங்கே வாதிட்டாராம், அது பிழை. அப்படியானால் வால் திரும்பிய விசயத்தை ஹூக்கே சொல்லிக்கொடுத்திருக்கலாமே? நாங்கள் அதை நம்பவில்லை. ஹூக் சொல்லிக்கொடுத்திருந்தால் சூரியன் என்ற சொல்லாவது அந்தப் பந்தியில் வந்திருக்கும். நொக்ஸ் வால் ஏன் திரும்பியது என்றே தெரியாமல் ஆச்சரியப்பட்டு நிற்கிறார். காரணம் தெரியாதவர் காரணத்துக்கு இவ்வளவு பொருத்தமாக ஒன்றைப் புனைய முடியாது.

அதனால்தான் இந்தப் பந்தி முக்கியம் என்கிறோம். சிறையில் நாட்கணக்கு வைத்துக்கொண்டிருந்த ஒருவர், பதினைந்து வருசம் கழித்து ஞாபகத்திலிருந்து எழுதிய திகதி அது. கண்டி வரலாற்றில் அந்தக் காலத்துத் திகதி பலதுக்கும் வேறு சாட்சி கிடைப்பது அருமை. இந்த ஒன்றுக்கு மட்டும் வானத்தில் சாட்சி இருக்கிறது. கூட்டிப் பார்த்தால் தெரியும் சாட்சி. மூடநம்பிக்கை என்று தாண்டிப் போகும் வரிதான் புத்தகத்திலேயே நன்றாகச் சோதித்துப் பார்க்கக்கூடிய வரியாக இருக்கிறது.

நொக்ஸ் இன்னொரு வால்வெள்ளியையும் சொல்கிறார். இது 1666 பெப்ரவரி என்பது அவர் கணக்கு. மேற்கு வானத்தில் வால் மட்டும் தெரிந்தது, தலை தொடுவானத்துக்குக் கீழே. அரசனும் சனங்களும் பயந்து போனார்கள். ஒரு வருசத்துக்குக் கொஞ்சம் முந்தி பட்ட அடி அப்படி. தலை தெரிகிறதா என்று பார்த்துவர, இராஜசிங்கன் நாட்டின் மிக உயர்ந்த மலைகளுக்கு ஆட்களை அனுப்பினான். அவர்கள் ஏறிப் பார்த்தார்கள். தெரியவில்லை. ஒரு மாதமளவில் அது மங்கி மறைந்தது. அதைத் தொடர்ந்து குறிப்பிடும்படி ஒன்றும் நடக்கவில்லை என்றும் நொக்ஸ் எழுதி வைத்திருக்கிறார்.